மெய்நிகர் இயந்திரச் சோதனை அமைவடிவக் கோப்புகள்

மெய்நிகர் இயந்திரச் சோதனை அமைவடிவக் கோப்புகள் என்பவை, மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளைத் தானியங்கு முறையில் சோதிக்கும்போது, எந்தச் சோதனையை, எந்த இயக்குதளத்தில், எந்த வன்பொருள் அமைப்பில் நடத்த வேண்டும் என்பதைக் குறித்து வைக்கும் உரைக்கோப்புகள் ஆகும். சோதனையைச் செய்யும் நிரலும் சோதனைக்குரிய விவரங்களும் தனித்தனியே இருத்தல் வேண்டும் என்பது இவற்றின் அடிப்படைக் கருத்து. கேவிஎம், கியூஎமு, லிப்வெர்ட் ஆகிய கட்டற்ற மென்பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் அவகாடோ-விடி என்னும் சோதனைச் சட்டகத்தின் கார்ட்டீசியன் அமைவடிவம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இக்கட்டுரை அதனை அடிப்படையாகக் கொண்டு இக்கோப்புகளை ஒழுங்கமைக்கும் முறையை விளக்குகிறது.

தேவை

ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினியே மெய்நிகர் இயந்திரம். உண்மையான கணினி புரவலர் எனவும், அதனுள் இயங்கும் இயக்குதளம் விருந்தினர் எனவும் அழைக்கப்படுகின்றன. விருந்தினர் இயக்குதளம் தன்னிடம் ஒரு வன்தட்டு, ஒரு வலையட்டை, ஒரு திரை ஆகியன இருப்பதாகவே கருதுகிறது. உண்மையில் அவை அனைத்தும் புரவலர் கணினியிலுள்ள மென்பொருள் காட்டும் தோற்றங்களே. மேகக் கணிமைச் சேவைகள் பெரும்பாலும் இத்தகைய இயந்திரங்களின் மீதே இயங்குகின்றன. ஒரே புரவலரில் பலருடைய இயந்திரங்கள் அடுத்தடுத்து இயங்குவதால், அடியிலுள்ள மென்பொருளில் ஏற்படும் ஒரு பிழை அவர்கள் அனைவரையும் பாதிக்கக்கூடும்.

இம்மென்பொருளைச் சோதிப்பதிலுள்ள சிக்கல் அதன் பன்முகத்தன்மை ஆகும். ஒரு சொற்செயலியைச் சோதிப்பவர் சில இயக்குதளங்களில் அதனை இயக்கிப் பார்த்தால் பெரும்பாலும் போதும். மெய்நிகராக்க மென்பொருளோ பல இயக்குதளங்களையும், பலவகை வன்தட்டு இடைமுகங்களையும், பலவகை வலையட்டைகளையும், பல வட்டுப்பட வடிவங்களையும் ஆதரிக்க வேண்டும். ஒரு வலையட்டை லினக்சில் சரியாக இயங்கி விண்டோசில் தடுமாறலாம். ஒரு வட்டுப்பட வடிவம் தனியே நன்றாக இயங்கி, குறிப்பிட்ட ஓர் இடைமுகத்துடன் சேரும்போது மட்டும் தரவைக் கெடுக்கலாம். ஆகவே தனித்தனிக் கூறுகளைச் சோதிப்பதுடன் அவற்றின் சேர்க்கைகளையும் சோதிக்க வேண்டியுள்ளது.

இவ்வொவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு நிரலை எழுதினால் நூற்றுக்கணக்கான நிரல்கள் குவியும். அவற்றுள் ஒன்றில் செய்யும் திருத்தத்தை மற்றவற்றிலும் செய்ய வேண்டிவரும். சில விடுபடும். எந்தச் சேர்க்கை சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலாத நிலை உருவாகும். அமைவடிவக் கோப்புகள் இந்நிலையைத் தவிர்க்கவே எழுந்தன.

வரலாறு

கியூஎமு மென்பொருளை பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரிசு பெல்லார்டு 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். கேவிஎம் என்பது லினக்ஸ் கருனியையே மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளாக மாற்றும் பகுதி ஆகும். இசுரேலைச் சேர்ந்த கும்ரானெட் நிறுவனத்தில் உருவான இது, 2007 பெப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் இடம்பெற்றது. 2008 செப்டம்பரில் கும்ரானெட்டை ரெட் ஹேட் நிறுவனம் வாங்கியது.

கேவிஎம்மைச் சோதிப்பதற்காகக் கேவிஎம்-ஆட்டோடெஸ்ட் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. லினக்ஸ் கருனியைச் சோதிக்க ஏற்கனவே பயன்பாட்டிலிருந்த ஆட்டோடெஸ்ட் திட்டத்துடன் இது 2009இல் இணைந்தது. கார்ட்டீசியன் அமைவடிவம் இத்திட்டத்திலேயே வளர்ந்தது. பின்னர் மெய்நிகராக்கச் சோதனைகள் மட்டும் விர்ட்-டெஸ்ட் என்னும் தனித்திட்டமாகப் பிரிந்தன. ஆட்டோடெஸ்டின் பட்டறிவைக் கொண்டு 2014இல் அவகாடோ என்னும் புதிய சட்டகம் எழுதப்பட்டதும், விர்ட்-டெஸ்ட் அதன் துணைநிரலாக மாற்றப்பட்டு அவகாடோ-விடி எனப் பெயர்பெற்றது. பெங்களூரிலுள்ள ஐபிஎம் நிறுவனப் பொறியாளர்கள் பவர் செயலிகளுக்கான சோதனைகளை இத்திட்டங்களுக்குப் பங்களித்துள்ளனர். சட்டகங்களின் பெயர்கள் இவ்வாறு மாறியபோதும் அமைவடிவத்தின் அடிப்படை மாறவில்லை.

கார்ட்டீசியன் பெருக்கல்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் உறவுகளும் சார்புகளும் என்னும் பகுதியில் கார்ட்டீசியன் பெருக்கல் கற்பிக்கப்படுகிறது. ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றொரு கணத்தின் ஒவ்வோர் உறுப்புடனும் சேர்த்து வரிசைச் சோடிகளாக எழுதுவதே அது. முதற்கணத்தில் 3 உறுப்புகளும் இரண்டாவதில் 4 உறுப்புகளும் இருப்பின் 12 சோடிகள் கிடைக்கும். அமைவடிவக் கோப்புகளும் இதே கணக்கைப் பின்பற்றுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு குழு பின்வருவனவற்றைச் சோதிக்க விரும்புவதாகக் கொள்வோம்.

- விருந்தினர் இயக்குதளங்கள்: 6
- வன்தட்டு இடைமுகங்கள்: 3
- வலையட்டை வகைகள்: 2
- வட்டுப்பட வடிவங்கள்: 2
- சோதனைகள்: 10

கோப்பில் எழுத வேண்டிய பதிவுகள் 6 + 3 + 2 + 2 + 10 = 23 மட்டுமே. அவற்றிலிருந்து கிடைக்கும் சோதனைகளோ 6 × 3 × 2 × 2 × 10 = 720. மனிதர் எழுதுவது கூட்டல். கணினி செய்வது பெருக்கல். ஏழாவதாக ஓர் இயக்குதளத்தைச் சேர்க்க ஒரு பதிவை எழுதினால் போதும். சோதனைகள் 120 கூடிவிடும்.

இவ்வமைவடிவத்தின் ஆற்றல் இதுவே. இதன் இடரும் இதுவே ஆகும். ஒரு சோதனைக்கு 5 நிமிடம் எனக் கொண்டால், 720 சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்தி முடிக்க 60 மணி நேரம் தேவைப்படும். எனவே பெருக்கலைக் கட்டுப்படுத்துவதும் அமைவடிவத்தின் இன்றியமையாப் பகுதி ஆகிறது.

கோப்புகளின் பகுப்பு

எல்லா விவரங்களையும் ஒரே கோப்பில் எழுதுவது இயலும். ஆயின் அது விரைவில் கையாள முடியாத அளவுக்கு நீளும். ஆகவே மாற்றத்திற்கான காரணத்தைக் கொண்டு கோப்புகள் பிரிக்கப்படுகின்றன. ஒரே காரணத்தால் மாறுபவை ஒரே கோப்பில் அமைய வேண்டும் என்பது இதன் விதி. அவகாடோ-விடியில் காணப்படும் முதன்மையான பிரிவுகள் பின்வருமாறு.

- அடிப்படைக் கோப்பு: எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான முன்னிருப்பு மதிப்புகள். மெய்நிகர் இயந்திரத்தின் பெயர், நினைவக அளவு, வலையமைப்பு முறை போன்றவை இதில் இடம்பெறும்.
- விருந்தினர் வன்பொருள் கோப்பு: வன்தட்டு இடைமுகங்கள், வலையட்டைகள், வட்டுப்பட வடிவங்கள் முதலியன.
- விருந்தினர் இயக்குதளக் கோப்பு: ஒவ்வோர் இயக்குதளத்தையும் நிறுவும் முறை, புகுபதியும் முறை, அணைக்கும் கட்டளை ஆகியன.
- உட்சோதனைக் கோப்பு: சோதனைகளின் பட்டியலும் அவற்றுக்குரிய அளபுருக்களும்.
- உரிமக்குறிக் கோப்பு: விண்டோஸ் போன்ற வணிக இயக்குதளங்களை நிறுவத் தேவையான மறைக்குறிகள்.
- தேர்வுக் கோப்பு: மேற்கண்டவற்றை உள்ளிணைத்து, இன்று எவற்றை நடத்துவது எனத் தேர்ந்தெடுக்கும் முகப்புக் கோப்பு.

இவற்றுள் இயக்குதளக் கோப்பும் உட்சோதனைக் கோப்பும் நேரடியாக எழுதப்படுவதில்லை. ஒவ்வோர் இயக்குதளப் பதிப்புக்கும் ஒரு சிறு கோப்பு, அந்தந்தக் குடும்பத்துக்குரிய அடைவில் வைக்கப்படுகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் அவ்வாறே ஒரு சிறு கோப்பு உண்டு. முன்னேற்பாட்டுக் கட்டளை இவற்றைத் திரட்டிப் பெரிய கோப்பாகத் தொகுக்கிறது. இதனால் ஃபெடோராவைக் கவனிக்கும் ஒருவரும் விண்டோசைக் கவனிக்கும் மற்றொருவரும் ஒரே கோப்பைத் திருத்தி மோதிக்கொள்வதில்லை.

உரிமக்குறிகள் தனிக்கோப்பில் வைக்கப்படுவதற்குக் காரணம் வேறு. கட்டற்ற திட்டத்தின் பிற கோப்புகள் யாவும் பொதுக் களஞ்சியத்தில் வெளியிடப்படுபவை. மறைக்குறிகள் அவற்றுடன் கலந்தால் தவறுதலாக வெளியாகிவிடும். இதே காரணத்தால் கடவுச்சொற்களையும் நிறுவனத்தின் உள்வலையமைப்பு முகவரிகளையும் பொதுக் கோப்புகளில் எழுதலாகாது.

இப்பகுப்பின் பயன் இடம் மாறும்போது தெளிவாகும். அச்சரப்பாக்கத்தில் 8 கிகாபைட்டு நினைவகமுள்ள மடிக்கணினியில் இச்சோதனைகளை நடத்திப் பார்க்கும் கல்லூரி மாணவரும், பெருநிறுவன ஆய்வுக்கூடத்தில் பல வழங்கிகளைக் கொண்டு நடத்தும் பொறியாளரும் அதே உட்சோதனைக் கோப்பையும் அதே இயக்குதளக் கோப்பையும் பயன்படுத்தலாம். மாணவர் தம் கணினியிலுள்ள அடிப்படைக் கோப்பில் நினைவக அளவைக் குறைத்து, தேர்வுக் கோப்பில் ஓர் இயக்குதளத்தை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

எழுதும் முறை

கோப்பின் மிகச்சிறிய அலகு, சாவி = மதிப்பு என்னும் வரி ஆகும். ஒரே சாவி இருமுறை வந்தால் பின்னர் வருவதே நிலைக்கும். முன்னுள்ள மதிப்பை அழிக்காமல் அதன் இறுதியில் சேர்க்கவும் தொடக்கத்தில் சேர்க்கவும் தனித்தனிக் குறிகள் உள்ளன.

அடுத்த அலகு மாற்றுருத் தொகுதி. இது வேரியண்ட்ஸ் என்னும் சொல்லால் தொடங்கும். பைத்தான் மொழியில் உள்ளவாறே, உள்தள்ளலைக் கொண்டு எது எதற்குள் அடங்கும் என்பது அறியப்படுகிறது. உண்மைக் கோப்புகள் ஆங்கில எழுத்துகளில் அமைந்தவை. கீழுள்ள மாதிரியில் அவை விளக்கத்திற்காகத் தமிழில் தரப்பட்டுள்ளன.

வேரியண்ட்ஸ்:
    - லினக்ஸ்:
        நினைவகம் = 1024
    - விண்டோஸ்:
        நினைவகம் = 4096
வேரியண்ட்ஸ்:
    - ரா:
        பட_வடிவம் = ரா
        நோ ஸ்னாப்ஷாட்
    - கியூகவ்2:
        பட_வடிவம் = கியூகவ்2
வேரியண்ட்ஸ்:
    - பூட்:
        வகை = பூட்
    - ஸ்னாப்ஷாட்:
        வகை = ஸ்னாப்ஷாட்

மூன்று தொகுதிகளிலும் இரண்டிரண்டு மாற்றுருக்கள் இருப்பதால் 2 × 2 × 2 = 8 சேர்க்கைகள் எதிர்பார்க்கப்படும். ஆனால் ரா வடிவத்தின்கீழ் ஸ்னாப்ஷாட் விலக்கப்பட்டுள்ளதால் 6 சோதனைகளே கிடைக்கும். வட்டுப்படத்தின் உள்ளேயே ஒரு கணத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் வசதி கியூகவ்2 வடிவத்தில் உண்டு. ரா வடிவத்தில் இல்லை. இவ்வாறு பொருளற்ற சேர்க்கைகளை நீக்குவதும் கோப்பின் பணியே.

ஒரே சோதனையில் இரு மெய்நிகர் இயந்திரங்கள் தேவைப்படும் வேளைகளும் உண்டு. அப்போது சாவியின் இறுதியில் இயந்திரத்தின் பெயர் ஒட்டாகச் சேர்க்கப்படுகிறது. நினைவகம் = 1024 என்பது இரண்டுக்கும் பொது; நினைவகம்_விஎம்2 = 512 என்பது இரண்டாவதற்கு மட்டும் உரியது. பொது மதிப்பை ஒருமுறை கூறி விலக்கை மட்டும் தனியே கூறும் இம்முறை கோப்பைச் சுருக்கமாக வைத்திருக்கிறது.

லிப்வெர்ட் சோதனைகளில் மற்றொரு வழக்கம் காணப்படுகிறது. வெற்றிபெற வேண்டிய சோதனைகளும் தோல்வியுற வேண்டிய சோதனைகளும் ஒரே நிரலால் நடத்தப்படுகின்றன. இல்லாத ஓர் இயந்திரத்தை இயக்கச் சொன்னால் மென்பொருள் பிழைச்செய்தி தர வேண்டும். தராவிட்டால் அதுவே பிழை. ஆகவே பிழை எதிர்பார்க்கப்படுகிறதா என்பதை ஒரு சாவி குறிக்கிறது. நிரல் அச்சாவியைப் பார்த்தே முடிவை மதிப்பிடுகிறது.

வடிகட்டிகள்

ஒன்லி, நோ என்பவை இரு அடிப்படை வடிகட்டிகள். ஒன்லி குறிப்பிட்டவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும். நோ குறிப்பிட்டவற்றை நீக்கும். பெயர்களுக்கிடையே காற்புள்ளி இருப்பின் இவற்றுள் ஏதேனும் ஒன்று எனவும், இரு புள்ளிகள் இருப்பின் இரண்டும் சேர்ந்தே எனவும் பொருள்படும். ஒன்லி லினக்ஸ்..பூட் என்பது லினக்ஸ் விருந்தினரில் நடக்கும் பூட் சோதனைகளை மட்டும் தேர்ந்தெடுக்கும்.

இவ்விரு வடிகட்டிகளிலும் எழுத்துப்பிழை ஏற்படும்போது விளைவுகள் வேறுபடுகின்றன. நோ வரியில் பெயர் பிழையாக எழுதப்பட்டால் எதுவும் நீக்கப்படுவதில்லை; வேண்டாத சோதனை நடந்து, அது தோல்வியுறும்போது பிழை வெளிப்பட்டுவிடும். ஒன்லி வரியில் பெயர் பிழையாக எழுதப்பட்டால் எந்தச் சேர்க்கையும் பொருந்தாது; ஒரு சோதனையும் நடவாது. சோதனை நடவாததால் தோல்வியும் இராது. பல தொகுப்புகளை இரவில் நடத்திவிட்டுக் காலையில் தோல்வி எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் குழுவுக்கு இது நற்செய்தியாகத் தோன்றும்.

இதனைத் தவிர்க்க, சோதனைகளை நடத்துமுன் பட்டியலை மட்டும் விரித்துப் பார்க்கும் வசதி உள்ளது. அமைவடிவத்தைப் பகுத்துணரும் நிரலைத் தனியே இயக்கினால், கிடைக்கும் சேர்க்கைகள் அனைத்தும் அவற்றின் சாவி மதிப்புகளுடன் திரையில் தோன்றும். கோப்பில் ஒரு வரியைத் திருத்துமுன்னும் திருத்திய பின்னும் இப்பட்டியலை எடுத்து ஒப்பிட்டால், அவ்வரியின் உண்மையான விளைவு தெரிந்துவிடும்.

புதிய இயக்குதளத்தைச் சேர்த்தல்

சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் முதன்முதலில் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை ஆதரிக்கிறது. இதனை விருந்தினராகச் சேர்க்க விரும்பும் ஒருவர் சோதனை நிரல்கள் எதனையும் தொட வேண்டியதில்லை. லினக்ஸ் அடைவில் பாஸ் என ஒரு சிறு கோப்பை உருவாக்கினால் போதும். நிறுவல் வட்டின் பெயர், அதன் சரிபார்ப்புத் தொகை, நிறுவியின் வினாக்களுக்கு முன்கூட்டியே விடையளிக்கும் பிரீசீட் கோப்பின் இடம் ஆகியன அதில் குறிக்கப்படும். பிரீசீட் டெபியன் குடும்பத்தின் வழக்கம். ஃபெடோரா குடும்பத்தில் இதே பணியைக் கிக்ஸ்டார்ட் கோப்பு செய்கிறது.

புகுபதியும் முறை, அணைக்கும் கட்டளை போன்றவை லினக்ஸ் என்னும் மேல்நிலையிலேயே கூறப்பட்டிருப்பதால், பாஸ் அவற்றை மரபுரிமையாகப் பெறுகிறது. மாறுபடுபவற்றை மட்டும் எழுதினால் போதும். புதிய பதிப்பு வரும்போது அண்மைக் கோப்பை அப்படியே நகலெடுத்து எண்ணை மாற்றும் பழக்கம் எளிதெனத் தோன்றினும், காலப்போக்கில் ஒரே வரி பல கோப்புகளில் பரவி, பிரித்ததன் பயனே இல்லாமற் போகும்.

எண்ணிக்கையைக் குறைத்தல்

எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்கக் காலம் போதாதபோது, இரண்டிரண்டாகச் சேரும் சோடிகள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு சோதனையில் ஒருமுறையேனும் வருமாறு தேர்ந்தெடுக்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் மிகப்பெரிய இரு காரணிகள் 10, 6 என்பதால் குறைந்தது 60 சோதனைகள் தேவைப்படும். 60 மணி நேரப் பணி ஏறத்தாழ 5 மணி நேரமாகக் குறையும்.

இதன் கணித வேர் இந்தியாவுடன் தொடர்புடையது. இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த சி. ஆர். ராவ் (1920–2023), வேளாண்மை முதலிய துறைகளின் ஆய்வுகளைத் திட்டமிட உதவும் ஆர்த்தோகனல் அரே என்னும் வரிசையமைப்புகளை 1940களில் அறிமுகப்படுத்தினார். பிற்காலத்தில் மென்பொருள் சோதனையாளர்கள் இக்கருத்தை எடுத்துக்கொண்டனர். மென்பொருள் பிழைகளுள் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு காரணிகளால் வெளிப்படுபவை என அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவன ஆய்வுகள் காட்டியுள்ளன. அவகாடோவில் இவ்வகைத் தேர்வுக்கான துணைநிரல்கள் உள்ளன. ஆயினும் கார்ட்டீசியன் அமைவடிவம் இயல்பாக முழுப் பெருக்கலையே தருகிறது. அதனை வடிகட்டிகளால் குறைப்பது எழுதுபவரின் பொறுப்பு.

மூன்று காரணிகள் ஒருங்கே சேரும்போது மட்டும் தோன்றும் பிழையைச் சோடி முறை தவறவிடலாம். எனவே நாள்தோறும் குறைந்த தொகுப்பையும், வெளியீட்டுக்கு முன் முழுத் தொகுப்பையும் நடத்துவது ஏற்ற வழி ஆகும். இரண்டுக்கும் தனித்தனித் தேர்வுக் கோப்பு இருந்தால் போதும். மற்ற கோப்புகள் பொதுவாகவே இருக்கலாம்.

வரம்புகள்

அமைவடிவக் கோப்பில் எழுதப்படாத காரணி பெருக்கலில் கலந்துகொள்வதில்லை. 2015 மே மாதம் வெளிப்படுத்தப்பட்ட வெனம் என்னும் பாதுகாப்புப் பிழை இங்கு நினைக்கத்தக்கது. கியூஎமுவின் நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தி நிரலில் 2004 முதல் இருந்துவந்த இப்பிழை, விருந்தினர் இயந்திரத்திலிருந்து புரவலர் கணினிக்குள் நுழைய வழிவிடக்கூடியதாக இருந்தது. நெகிழ்வட்டுகள் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகியும், அக்கட்டுப்படுத்தி மெய்நிகர் இயந்திரங்களில் முன்னிருப்பாகவே இடம்பெற்று வந்தது. வழக்கமான செயற்பாட்டுச் சோதனை இப்பிழையைக் கண்டறிந்திருக்கும் எனக் கூற இயலாது. தீங்கு நோக்குடன் அனுப்பப்படும் தரவைக் கொண்டு சோதிப்பது வேறு வகை. ஆனால் பயன்பாட்டில் உள்ள ஒரு கருவி எவருடைய பட்டியலிலும் இல்லாதபோது அதனை எவரும் நினைப்பதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

விலக்குகளுக்கும் இது பொருந்தும். பிழை ஒன்று திருத்தப்படும் வரை ஒரு சேர்க்கையை நோ வரியால் நிறுத்திவைப்பது வழக்கம். பிழை திருத்தப்பட்ட பின்னும் அவ்வரி கோப்பிலேயே தங்கிவிட்டால், அச்சேர்க்கை மீண்டும் சோதிக்கப்படுவதில்லை. முடிவு அறிக்கையிலும் அது தோன்றுவதில்லை. ஆகவே ஒவ்வொரு விலக்கு வரியின் மேலும் அதன் காரணத்தையும் நாளையும், இருப்பின் பிழைப்பதிவு எண்ணையும் குறிப்புரையாக எழுதுதல் நன்று. வடிவத்தின் இயல்பால் என்றும் இயலாத சேர்க்கையை விலக்கும் வரிகளையும், தற்காலிகமாக நிறுத்திய வரிகளையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்தால், இரண்டாம் வகையை அவ்வப்போது படித்து நீக்குவது எளிதாகும்.

சோதனை அறிக்கை கூறுவது நடத்தப்பட்ட சோதனைகளைப் பற்றி மட்டுமே. நடத்தப்படாதவற்றை அறிய அமைவடிவக் கோப்புகளையே படிக்க வேண்டும். அவற்றை எவரும் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் ஒழுங்காக வைத்திருப்பது இதனாலேயே சோதனைப் பணியின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது.